ஸம்றாவின் கோப்புறைகள்

அத்தியாயம் பதினொன்று

ஹுஸ்னியா அன்று காலையும் சாப்பிடவில்லை.

தங்கை பஸ்மினா கொண்டுவந்து வைத்த இடியப்பம் மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. ஹுஸ்னியாவின் மடியில் கைக்குழந்தை அர்ஷாத். கைக்குள், உள்ளங்கை அளவான அந்தக் கறுப்பு ஹாட் டிஸ்க். ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

அதற்குள்தான் ஸம்றா இருந்தாள். மூத்த மகள். போன வருடம், ஆறு வயதில், இரத்தப் புற்றுநோயில் மௌத்தாகிப் போனவள். அவள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களும் வீடியோக்களும் எல்லாம் அதற்குள். பழைய போன்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. வேறு பிரதி எங்கும் இல்லை.

ஒரு அல்பம் செய்யலாம் என்று ஆசைப்பட்டு, கணவன் றிஸ்மிக்குச் சொல்லாமல், ஹுஸ்னியா அதைக் கல்முனை பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தாள். திரும்பி வந்தபோது திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கோப்புறைகள் இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஒரே ஒரு சின்னம். அதை அழுத்தினால் பிழை. ஸ்டூடியோக்காரர் கைவிரித்தார். இன்னொரு கடையில் காட்டினாள். "போமட் பண்ணிப் பாப்பமா தங்கச்சி?" என்று கேட்டார்கள். எல்லாம் அடியோடு அழிந்துவிடும் என்று பயந்து, டிஸ்க்கைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நிந்தவூரில் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் பஸ்மினாவுக்கு, பரீட்சை வேலைகள் முடிந்து இன்றைக்குத்தான் ஒரு சனிக்கிழமை கிடைத்திருந்தது.

"லெப்டொப்ப கொண்டுவந்திருக்கன் ராத்தா. குடுங்க பாப்பம்."

ஹுஸ்னியா டிஸ்க்கை நீட்டப் போனாள். அதற்குள் அறைக்குள்ளிருந்து றிஸ்மி வந்தான். வயலுக்குப் போகும் உடுப்பு, தோளில் துவாய். நாவிதன்வெளியில் அறுவடை தொடங்கியிருந்தது. வெட்டு மெசின் ஓட்டுபவனுக்கு இந்த நாட்களில் வீட்டில் நிற்க நேரமில்லை. ஆனாலும் நின்றான்.

"என்ன செய்யப் போற மச்சி?"

"எடுக்க ஏலுமா எண்டு பாக்கப் போறன் மச்சான்."

"விடு. போனது போனதுதான். அத நோண்டி நோண்டி இவவும் சாப்பிடாமக் கெடக்கா."

பஸ்மினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தப் பிள்ளையின் படம். ஒரு தகப்பன் கதைக்கிற கதையா இது?

"உங்களுக்கு வேணாட்டி எனக்கு வேணும்," என்றாள் ஹுஸ்னியா. அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

றிஸ்மியின் குரல் இறங்கியது. "இஞ்ச தா புள்ள. அக்கரைப்பற்றுல தெரிஞ்ச பொடியன் ஒராள் இருக்கான். நான் கொண்டு போய்க் காட்டிட்டு வாறன்."

கையை நீட்டினான். ஹுஸ்னியா டிஸ்க்கைத் தாவணிக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவன் கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

மோட்டார் சைக்கிளை உதைத்தவன் வாசல் கடப்படியில் திரும்பவும் நிறுத்தினான். பஸ்மினாவைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் இரண்டடி நடந்து வந்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

*

பஸ்மினா முதலில், ஸ்டூடியோவில் தொற்றியிருந்த வைரஸைத் துடைத்தாள். அது முடியும்வரை ஹுஸ்னியா பக்கத்துக் கதிரையில் மூச்சுவிடாமல் இருந்தாள்.

"ராத்தா, இதப் பாருங்க."

டிஸ்க்கின் அளவைக் காட்டும் சின்னப் பட்டை. ஏறத்தாழ முழுவதும் நிறைந்திருந்தது.

"உள்ளுக்கு ஒண்டுமில்லாட்டி இது நிறஞ்சிருக்காது. படம் போகல்ல. மறைஞ்சு நிக்குது."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். ஒவ்வொரு பைலுக்கும் சின்னச் சின்னக் குறி இருக்கு ராத்தா. 'இத மாத்தாத', 'இது கம்பியூட்டர்ர சொந்தப் பைல்', 'இத ஆருக்கும் காட்டாத' எண்டு. வைரஸ் வந்து எல்லாத்துக்கும் கடைசி ரெண்டு குறியையும் குத்தி வெச்சிருக்கு. கழட்டினா தெரியும்."

ஹுஸ்னியா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல் முகம் மட்டும் நனைந்தது. அர்ஷாத் தாயின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமான விரலை வாய்க்குள் வைத்தான்.

ஒவ்வொன்றாக வலது பக்கம் அழுத்திக் கழற்றப் பார்த்தாள் பஸ்மினா. முடியவில்லை. மறைப்புக் குறிக்கான கட்டம் சாம்பல் நிறமாக, தொட இடம்கொடாமல் கிடந்தது. 'கம்பியூட்டரின் சொந்தக் கோப்பு' என்ற குறியும் சேர்ந்து இருந்தால் அப்படித்தான். அது கழன்றாலும் ஆயிரக்கணக்கான படங்களுக்கு எத்தனை நாள் இருந்து அழுத்துவது? கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தாள். அங்கே ஒரு வரி எழுதினால் போதும். கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கி, எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் குறியைக் கழற்றும்.

எழுதுவதற்கு முன், என்ன இருக்கிறது என்று பார்க்க, கோப்புறைகளின் குறிகளைக் காட்டும்படி மட்டும் 'அட்ரிப்' கட்டளையைக் கொடுத்தாள். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின.

"வாசி பஸ்மினா. என்னென்ன இருக்கு?"

"பெருநாள்... கடற்கர... பாலர் பாடசாலை... ஸம்றா நோன்பு..."

ஒவ்வொரு பெயருக்கும் ஹுஸ்னியா "ஓம், ஓம்" என்றாள். "நோன்பு பிடிக்கன் எண்டு போட்டு, லுஹர் பாங்குக்குள்ள பிஸ்கட் திண்டுட்டு வாயத் துடைச்சுக்கு வந்தாளே, அது."

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு எழுத்துகள் நின்றன. எஸ், எச். வைரஸ் குத்திய இரண்டு குறிகள்: எஸ் என்றால் கம்பியூட்டரின் சொந்தக் கோப்பு, எச் என்றால் மறைப்பு. பஸ்மினாவின் கண் அவற்றை ஒட்டி இறங்கி வந்து, கடைசிக்கு முந்தின வரியில் நின்றது.

அங்கே எச் மட்டும்தான் இருந்தது. எஸ் இல்லை.

கோப்புறையின் பெயர் 'மெசின்'.

அவள் திரும்பவும் மேலிருந்து பார்த்தாள். வேறு எதுவும் அப்படி இல்லை. வைரஸ் குத்தினால் இரண்டையும் சேர்த்துத்தான் குத்தியிருக்கும். எச் மட்டும் என்றால், யாரோ ஒரு மனிதன் வலது பக்கம் அழுத்தி, கட்டத்தில் சரி போட்டு, கையால் மறைத்தது. வைரஸ் வருவதற்கு முன்னமே மறைந்திருந்தபடியால் வைரஸும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறது.

இந்த வீட்டில் ஹுஸ்னியாவுக்கு அப்படி மறைக்கத் தெரியாது.

காலையில் கடப்படியில் நின்ற றிஸ்மியின் முகம் நினைவுக்கு வந்தது.  வேறு பெண்ணா? மச்சானா? அல்லாஹ்வே, இந்த வீட்டுக்கு இனி ஒன்றைத் தாங்க ஏலாது.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"இல்ல ராத்தா. எழுதுறன்."

எழுதினாள். அட்ரிப், மைனஸ் எஸ், மைனஸ் எச், பிறகு எல்லாக் கோப்புறைக்கும் எல்லாக் கோப்புக்கும் என்ற இரண்டு சாய்கோடுகள். மறைத்தது வைரஸா மனிதனா என்று அந்த வரி பார்க்காது. எல்லாவற்றையும் வெளியில் கொண்டுவந்து வைக்கும். விரல் என்ரர் கட்டைக்கு மேலே நின்றது.

"இத அடிச்சா வந்துருமா?" என்று கேட்டாள் ஹுஸ்னியா.

"வந்துரும்... பொறுங்க ராத்தா, தொண்ட காயுது. தண்ணி குடிச்சிட்டு வாறன்."

குசினிக்குப் போனவள் பின்கதவால் வளவுக்கு இறங்கினாள். தென்னைக்குக் கீழே நின்று றிஸ்மிக்கு அழைப்பு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். வயல்வெளியில் சிக்னல் வந்தும் போயும் இருக்கும். திரும்பவும் எடுத்தாள்.

"ஓம் மச்சி?" மெசின் சத்தத்துக்கு மேலால் அவன் கத்தினான்.

"மச்சான், 'மெசின்' எண்டு ஒரு போல்டர் இருக்கு. நீங்களா ஒளிச்சு வெச்ச?"

மறுமுனையில் இரைச்சல் படிப்படியாகக் குறைந்து நின்றது. அவன் மெசினை நிறுத்திவிட்டான்.

"திறந்திட்டியா?"

"இல்ல. எனக்கு மெய்யச் சொல்லுங்க மச்சான். அதுக்குள்ள ஆரு?"

"ஆரா?" அவனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "ஸம்றா புள்ள. ஸம்றாதான்."

"ஸம்றாவா? அப்ப ஏன்..."

"ஆஸ்பத்திரில எடுத்த. உம்மாவுக்கு எண்டு அவ கதைச்ச. நான் அனுப்பல்ல."



அந்த மாதங்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. அர்ஷாத் வயிற்றில். ஹுஸ்னியாவுக்குப் பிரஷர் ஏறியபடி இருந்தது. பயணம் கூடாது, பதற்றமும் கூடாது, கட்டிலை விட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். றிஸ்மிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனான். தொடக்கத்தில் தினமும் வீடியோவில் கதைத்தார்கள். பிறகு, வார்ட்டில் போன் பாவிக்க விடுகிறார்களில்லை என்றான். அவன் அனுப்பிய சின்ன வீடியோக்களில் பிள்ளை சிரித்தாள், சலாம் சொன்னாள். பிறகு ஒரு நாள் பிள்ளையின் மையத்துத்தான் வீட்டுக்கு வந்தது.

"போன் விடல்ல எண்டு சொன்னீங்களே மச்சான்."

"பொய். புள்ளைய அந்தக் கோலத்துல காட்டினா ஹுஸ்னியா எழும்பி வந்திருப்பா. வழியில அவவுக்கு ஒண்டு நடந்தா? வயித்துல இருக்கிறதுக்கு ஒண்டு நடந்தா? மூணு பேரையும் ஒண்டாப் பறிகுடுக்க எனக்கு ஏலா மச்சி."

"அழிச்சிருக்கலாமே."

"எப்புடி அழிக்கிற?" என்றான். "எத்தின தரம் அழிக்க எண்டு எடுத்த. கை வரல்ல. அதான் ஒளிச்சு வெச்ச. அத மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துக் குடு. அல்லாஹ்வுக்காக. உன்னால ஏலும்தானே?"

ஏலும். அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் குறியைத் திரும்பப் போட இன்னொரு வரி போதும். ஹுஸ்னியாவுக்கு அது விளங்கவும் போவதில்லை. சரியா பிழையா என்று யோசிக்க பஸ்மினாவுக்கு நேரம் இருக்கவில்லை.

"சரி மச்சான். நான் பாக்கன்."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஹுஸ்னியா கூப்பிட்டாள். பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத குரலில் கூப்பிட்டாள்.

"பஸ்மினா! ஓடி வாகா! வந்திருக்கு! எல்லாம் வந்திருக்கு!"

*

என்ரர் கட்டையை அழுத்தக் கூடாது என்று யாரும் ஹுஸ்னியாவிடம் சொல்லியிருக்கவில்லை.

பஸ்மினா உள்ளே ஓடியபோது திரை நிறைய மஞ்சள் கோப்புறைகள். ஹுஸ்னியா ஒன்றைத் திறந்து வைத்துச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஸம்றா, கவுனை இடுப்புவரை தூக்கிப் பிடித்தபடி, அலைக்குப் பயந்து ஓடினாள்.

"பாரன் இவளர ஓட்டத்த! அர்ஷாத், பாருங்க மனே, உங்கட ராத்தா!"

அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். பஸ்மினா பின்னால் நின்றாள். ஒரு நிமிடம் அந்தச் சிரிப்பை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது.

"ராத்தா, எழும்புங்க. இதுல இன்னும் வைரஸ் இருக்கும். முதல்ல என்ட லெப்டொப்புக்குக் கொப்பி எடுப்பம். மறுகா ஆறுதலாப் பாப்பம்."

"இரு, இரு. இது என்ன?"

பெயர் மெசின் என்றுதான் இருந்தது. பெயரை மட்டும் பார்த்திருந்தால் ஹுஸ்னியா தாண்டிப் போயிருப்பாள். ஆனால் கோப்புறைச் சின்னத்தில், உள்ளே இருப்பதில் ஒன்று நகமளவில் தெரிந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு சின்ன முகம்.

"இது நான் காணாத படமே."

"ராத்தா, வேணா..."

பஸ்மினா கை நீட்டுவதற்குள் அது திறந்துவிட்டது. வரிசையாக வீடியோக்கள். ஹுஸ்னியா முதலாவதை அழுத்தினாள்.

வெள்ளைக் கட்டில். தலையில் தொப்பி. புறங்கையில் பிளாஸ்டர் சுற்றிய ஊசி. கண் மட்டும்தான் பழைய ஸம்றா.

"உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா இத உங்களுக்கு அனுப்புவாராம். உம்மா, ஏன் இன்னம் வரல்ல? தம்பி பொறந்துட்டானா? தம்பியையும் கொண்டு வாங்க. இஞ்ச கட்டிலுக்குக் கீழ இடம் இருக்கு, பாய் போட்டுப் படுக்க ஏலும். ஊசி போடக்குள்ள நான் அழல்ல. கொஞ்சம்தான் அழுத. வாறீங்களா உம்மா?"

பிறகு முகம் திரும்பியது. போனைப் பிடித்திருப்பவனைப் பார்த்தாள்.

"உம்மா வருவாவா வாப்பா?"

"வாறா மகள். பஸ் ஏறிட்டா." றிஸ்மியின் குரல்.

"கல்முனை பஸ்ஸா?"

"ஓம். கல்முனை பஸ்."

"அப்ப விடிய வந்துருவா," என்றாள் ஸம்றா. வீடியோ நின்றது.

 ஹுஸ்னியா திரையைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு நேரமும் வழிந்த கண்ணீர் நின்றுவிட்டது.

"பஸ் ஏறிட்டன் எண்டு சொல்லியிருக்காரு," என்றாள்.

"ராத்தா..."

"நான் இஞ்ச கட்டில்ல படுத்துக் கெடக்கன். அவ பஸ்ஸப் பாத்துக்கு இருந்திருக்கா."

"உங்களுக்குப் பிரஷர் ராத்தா. டொக்டர் சொன்னதுக்குத்தான் மச்சான்..."

ஹுஸ்னியா திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"இப்பதான். இப்ப வெளிய போய்த்தான் கேட்ட."

"தண்ணி குடிக்க எண்டு சொல்லிட்டுப் போன."



ஹுஸ்னியா எழும்பினாள். அர்ஷாதைத் தூக்கித் தங்கையின் கையில் வைத்தாள். கோபமில்லாமல், ஒரு சாமானைக் கொடுப்பது போலக் கொடுத்தாள். லெப்டொப்பையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். உள்பக்கம் கொண்டி விழும் சத்தம் கேட்டது.

*

அஸர் பாங்கு சொல்வதற்கு முன்னமே றிஸ்மி வந்துவிட்டான். தலையிலும் புருவத்திலும் நெல் தூசி. மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கூட வைக்காமல் மதிலில் சாய்த்துவிட்டு வந்தவன், முன்படியில் பிள்ளையோடு இருந்த பஸ்மினாவைக் கண்டு நின்றான்.

"பாத்துட்டாவா?"

தலையாட்டினாள்.

"உன்னட்டச் சொன்னேனே புள்ள."

"நான் உள்ளுக்கு வாறதுக்குள்ள அவவே அடிச்சிட்டா மச்சான். நான் என்ன செய்யட்டும்?"

அவன் அவளைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அறைக்கதவில் தட்டினான்.

"ஹுஸ்னியா. கதவத் திற புள்ள."

 உள்ளே வீடியோ ஓடுவது கேட்டது. ஸம்றாவின் குரல், கதவுக்குப் பின்னால், உயிரோடு.

"உம்மா, விடிஞ்சிட்டு. பஸ் வந்துட்டா? எங்க நிக்கிறீங்க?"

 பிறகு ஹுஸ்னியாவின் குரல்.

"இந்தா, வந்துட்டன் மகள். கீழதான் நிக்கிறன். படியில ஏறிக்கு வாறன்."

றிஸ்மியின் கை கதவிலேயே இருந்தது. நெற்றியையும் கதவில் வைத்தான்.

அடுத்த வீடியோ. "உம்மா, எனக்கு வட்டிலப்பம் வேணாம். வாயெல்லாம் புண். நீங்க சும்மா வந்தாப் போதும்."

"சும்மாத்தான் மகள் வாறன். ஒண்டும் கொண்டு வரல்ல. உம்மா மட்டும்தான் வாறன்."

றிஸ்மியால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியில் வந்தான். வளவின் நடுவில் நின்றான். இது ஹுஸ்னியாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. அவனுடைய தாய் வீடு அட்டாளைச்சேனையில். போவதென்றால் அங்கேதான் போக வேண்டும். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அடுத்த வீட்டு ஆட்கள் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தும் வெயிலில் அப்படியே நின்றான்.

"இருங்க மச்சான்," என்றாள் பஸ்மினா. "நிழலுக்கு வந்தாவது இருங்க."

"டொக்டர்மார் எனக்கு முதலே சொல்லிட்டாங்க மச்சி. புள்ள தப்பாது எண்டு. சொன்னதுக்குப் பொறகு எத்தின நாள் நான் தனிய வெச்சுக்கு இருந்த. உம்மா வருவாவா எண்டு புள்ள கேக்கும். புள்ள எப்புடி எண்டு ஹுஸ்னியா கேப்பா. ரெண்டு பேருக்கும் நான் பொய்தான் சொன்ன. அங்க ஒரு பொய், இஞ்ச ஒரு பொய். வேற என்ன செய்ய எண்டு எனக்கு இன்னம் தெரியா."

பஸ்மினாவுக்கும் தெரியவில்லை. அவன் செய்தது பிழை என்று நினைத்தாள். மடியில் அர்ஷாத் அவளின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இவன் இருக்கிறான். ஹுஸ்னியா இருக்கிறாள். அவன் செய்தது பிழை என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கறுப்புத் திரையைக் காட்டி, ஒரே வரியில் எல்லாம் முடியும் என்று எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருப்பாள். இன்றைக்கு எல்லாம் வந்தது உண்மைதான். திரும்ப மறைக்க இனி எந்த வரியும் உதவாது.

பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுத் தூங்கினான். அஸர் போனது. உள்ளே ஒரு குரல் கேட்கும், இன்னொரு குரல் பதில் சொல்லும். ஒரு தரம் ஹுஸ்னியா சிரிப்பது கூடக் கேட்டது. அதைக் கேட்டு றிஸ்மி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இருட்டத் தொடங்கி, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது கொண்டி கழன்றது.

ஹுஸ்னியா லெப்டொப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முக்காடு நழுவிக் கிடந்தது. அழுது முடித்த முகம். றிஸ்மியைப் பார்க்கவில்லை. தங்கையிடம் நேரே வந்தாள்.

"கடைசி ஒண்டு திறக்குதில்ல. பாரு."

பஸ்மினா பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வாங்கிப் பார்த்தாள். வரிசையில் கடைசி வீடியோ. அழுத்தினால் கறுப்பாக வந்து நின்றது. வேறு மென்பொருளில் போட்டாள். இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து குறியைப் பார்த்தாள். எஸ் இல்லை, எச் இல்லை. கழற்றுவதற்கு ஒரு குறியும் இல்லை. கோப்பின் அளவைப் பார்த்தாள். பூச்சியம்.

வைரஸ் தின்றதா, டிஸ்க்குக்கு மாற்றும்போதே அறுந்து போனதா, யாருக்குத் தெரியும். பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

"எடு பஸ்மினா. காலையில எடுத்தியே, அந்த மாதிரி எடு."

"இது மறைஞ்சு நிக்கல்ல ராத்தா." பஸ்மினா லெப்டொப்பை அவள் பக்கம் திருப்பினாள். "உள்ளுக்கு ஒண்டும் இல்ல. இது வராது."

ஹுஸ்னியா தலையை ஆட்டினாள். அதை அவள் எதிர்பார்த்தே வந்தது போல இருந்தது. பிறகுதான் திரும்பி, வளவில் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்க. வாங்க."

றிஸ்மி வந்தான். படிக்குக் கீழே நின்றான். அவள் மேல்படியில்.

"நீங்க செஞ்சத இப்ப நான் கேக்கல்ல. கேக்கிற நாள் வரும், அண்டைக்குக் கேக்கன். இப்ப எனக்கு ஒண்டு வேணும். மத்த எல்லாத்துக்கும் நான் அவவுக்குப் பதில் சொல்லிட்டன். இதுக்கு மட்டும் சொல்லல்ல." அவள் மூச்சு எடுத்தாள். "இத எடுத்தது நீங்கதானே. இதுல புள்ள என்ன கேட்டா?"

றிஸ்மி பஸ்மினாவைப் பார்த்தான். அவள் குறிப்பறிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"நீ இரு," என்றாள் ஹுஸ்னியா. "இனி இவர் எனக்குத் தனியாச் சொல்ற கதை ஒண்டும் வேணா."

பஸ்மினா திரும்பவும் உட்கார்ந்தாள்.

றிஸ்மி படியில் ஒரு கையை ஊன்றினான். 

"அண்டைக்கு அவ, உம்மா வருவாவா எண்டு கேக்கவே இல்ல ஹுஸ்னியா," என்றான்.